ஊதாங்குழலும் ஊதுற டெஸ்ட்டும்

எங்கம்மாவுக்கு இப்ப 64 வயசு. நாலு வருசமா அவங்களுக்கு மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு, நாலு வருசமும் நாங்க எல்லாரும் "வயசாச்சில்ல"ன்னு ஒரே பதிலத்தான் சொல்லிட்டு இருந்தோம். இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா அவங்க மாமியாரப் பத்தி சொல்லிட்டு இருந்தாங்க, அச்சு அசலா எங்கம்மா கதை, அதே வார்த்தை, "வீசிங்தானுங்க, ஊசி போட்டா சரியாயிடும்"னு. கேட்டதும் வயித்தப் பெசஞ்சிடுச்சு. அன்னிக்கு ராத்திரியே எழுத உக்காந்துட்டேன்.

எங்க ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஓட்டு வீடு, பின்னாடி ஒரு சின்ன சமையக்கட்டு, ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மழைக்கு சாத்தியே கெடக்கும். அம்மா 18 வயசுல கல்யாணமாகி வந்தப்ப இருந்து அந்த அடுப்புதான். பருத்திமாறு, தென்னமட்டை, பாளை, தேங்காத்தொட்டி, வெறகு தீந்து போனா வரட்டி. ஐப்பசி கார்த்திகையில எல்லாமே ஈரமா இருக்கும், பத்தவே பத்தாது, அம்மா குனிஞ்சு ஊதாங்குழல வெச்சு ஊதுவாங்க, கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஊத்தும், நாங்க பள்ளிக்கூடத்துக்கு கெளம்பற அவசரத்துல சோறு ஆச்சான்னு வெளிய நின்னு கத்துவோம். கேஸ் வந்தது 2003-ல. சரி அதோட புகை போச்சுன்னுதான் நாங்க நெனச்சோம், ஆனா கேஸ் வந்தது சோத்துக்கும் கொழம்புக்கும் மட்டும்தான், பொடக்காளியில (வீட்டுக்குப் பின்னாடி) வெந்நி காய வெக்கிற அடுப்பு நிக்கவே இல்ல. ஆறு பேரு குளிக்க தெனமும் ரெண்டு அண்டா தண்ணி, காலையில அஞ்சு மணிக்கு. அந்த அடுப்ப நாங்க யாரும் ஒரு கணக்காவே எடுத்துக்கல.

மூச்சு வாங்குறது ஒரே நாள்ல வர்றதில்ல, அதான் அதுல இருக்கிற பெரிய கஷ்டம். எங்கம்மா கிருத்திகை தவறாம பச்சமலை முருகன் கோயில் படி ஏறுறவங்க. ஒரு வருசம் "கால் வலிக்குது சாமி, நீங்க போயிட்டு வாங்க"ன்னாங்க. அப்புறம் சந்தைக்கு போறத விட்டாங்க. அப்புறம் தோட்டத்துக்கு போனா வரப்பு மேட்டுல உக்காந்துக்குவாங்க. அவங்களால எவ்வளவு மூச்சு விட முடியுமோ அந்த அளவுக்கு அவங்க பொழப்பையே சுருக்கிக்கிட்டாங்க, சுருக்கிக்கிட்டதால பாக்குற எங்களுக்கு அவங்க மூச்சு வாங்குற மாதிரியே தெரியல. இத நான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றேன், உங்க வீட்டுல யாராவது ஒரு வருசத்துக்கு முன்னாடி செஞ்சிட்டு இருந்த வேலைய இப்ப விட்டிருந்தா ஏன் விட்டாங்கன்னு கேளுங்க, "மூச்சு வாங்குதா"ன்னு கேட்டா இல்லம்பாங்க, "ஏன் நீ இப்பெல்லாம் சந்தைக்கு வர்றதில்ல"ன்னு கேளுங்க.

குளுரு காலத்துல சளி புடிச்சா இருமலும் இளைப்பும் அதிகமாயிடும், டவுனுல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போவோம். நெபுலைசர் (மருந்த புகை மாதிரி ஆக்கி மூச்சுல குடுக்கிற மெஷின்) வெப்பாங்க, ஒரு ஊசி, ரெண்டு கலர் மாத்திரை, ஒரு சிரப். மூணு நாள்ல தெளிஞ்சிடுவாங்க. எக்ஸ்ரே கூட ஒரு தடவ எடுத்தோம், "நெஞ்சு சுத்தமா இருக்கு, வீசிங்தான்"னு சொன்னாங்க, எங்களுக்கும் நிம்மதியாயிடுச்சு. எக்ஸ்ரே நல்லா இருந்தா நுரையீரல் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லங்கிறது எனக்கு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது. எக்ஸ்ரே காட்டுறது உள்ள சளி கட்டியிருக்கா, தழும்பு இருக்கா, கட்டி இருக்கா, தண்ணி கோத்திருக்கான்னு. மூச்சுக்கொழாய் சுருங்கி இருக்கா, இழுத்த காத்து வெளிய போக எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறத அது காட்டாது. அந்த ஊசில ஸ்டீராய்டு இருந்திருக்கு, நாலு வருசத்துல எத்தன ஊசின்னு எங்ககிட்ட கணக்கு இல்ல. அதுல தெளிவு வந்தது நெஜம்தான், ஆனா அந்த தெளிவுதான் எங்கள உண்மையான நோய தேட விடாம பண்ணுச்சு.

போன வருசத்துக்கு முந்தின மார்கழியில ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில் ஓரத்துல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு முன்னாடி சாஞ்சு உக்காந்திருந்தாங்க. "தண்ணி" அப்படின்னாங்க, மூச்சு இழுத்தாங்க, "குடு" அப்படின்னாங்க, மறுபடி மூச்சு. "தண்ணி குடு சாமி"ங்கிறத ஒரே மூச்சுல சொல்ல முடியல. கொரோனா சமயத்துல வாங்கின ஆக்ஸிமீட்டர், ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுறது, பீரோவுல கெடந்துச்சு, வெரல்ல மாட்டினா 84. 108-க்கு போன் பண்ணி கோயமுத்தூர் போய் சேர்ந்தோம். ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியலன்னாலோ, ஒதடு நகம் நீலம் பாஞ்சாலோ, கழுத்து நரம்பு பொடைச்சு மூச்சு இழுத்தாலோ, மூச்சு வாங்கிட்டு இருந்தவங்க திடீர்னு தூங்கி வழிய ஆரம்பிச்சாலோ விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. கடைசியா சொன்னேன் பாருங்க, தூங்கி வழியறது, அதத்தான் "அப்பாடா இப்பதான் கண்ண மூடுறாங்க"ன்னு நெனச்சிடுவோம். ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுனாலும் அப்படித்தான் தூக்கம் வரும்.

நாலு நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஆறு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க, நல்லா இருக்கிறப்பதான் மூச்ச ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுக்கணும்னு. அங்க இருந்த நெஞ்சு நோய் டாக்டரம்மா மொதல்ல கேட்டதே "வீட்டுல என்ன அடுப்புங்கம்மா?"ன்னுதான். நாலு வருசத்துல யாருமே கேக்காத கேள்வி. எங்கம்மா முழிச்சாங்க, நானும்தான். வெறகடுப்புன்னு சொன்னதும் எத்தன வருசம், ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம், ஜன்னல் உண்டான்னு வரிசையா கேட்டாங்க.

அப்புறம் ஸ்பைரோமெட்ரி. நாங்க ஊதுற டெஸ்ட்னே சொல்றோம். மூக்குல கிளிப் மாட்டி, வாயில ஒரு குழாய் குடுத்து, நெஞ்சு நெறைய இழுத்து ஒரே மூச்சுல வேகமா ஊதச் சொல்றாங்க, ஆறு செகண்டாவது நிறுத்தாம ஊதணும். எங்கம்மா குழாய பாத்ததும் பழக்க தோஷத்துல அடுப்பு ஊதுற மாதிரி மெதுவா, நிதானமா ஊதினாங்க. டெக்னீஷியன் தம்பி "இப்படி இல்லீங்கம்மா, இன்னும் வேகமா, ஊதுங்க ஊதுங்க ஊதுங்க"ன்னு கூடவே கத்துறாரு, அம்மா மொகம் செவந்து போச்சு, நாலாவது தடவதான் சரியா வந்துச்சு. அப்புறம் குழாய விரிக்கிற சால்பியூட்டமால் மருந்த இன்ஹேலர்ல நாலு பஃப் (நாலு தடவ அடிச்சு) குடுத்து ஒரு 15 நிமிசம் உக்கார வெச்சு மறுபடியும் ஊத வெச்சாங்க.

அந்த பேப்பர்ல ரெண்டு விசயம்தான் முக்கியம். ஒருத்தர் முழுசா ஊதி வெளிய தள்ளுற காத்துல மொத செகண்டுல எவ்வளவு வெளிய வருதுங்கிறது ஒண்ணு. நல்ல நுரையீரல்னா 100-க்கு 70-க்கு மேல மொத செகண்டுலயே வந்துடும், வயசானா கொஞ்சம் கொறையும். அம்மாவுக்கு வந்தது 54. ரெண்டாவது, மருந்து குடுத்ததுக்கு அப்புறம் அது எவ்வளவு மாறுதுங்கிறது. ஆஸ்துமாவா இருந்தா நல்லாவே ஏறும், 12 சதவீதமும் அதோட 200 மில்லியும் ஏறுனா ஆஸ்துமா பக்கம் யோசிப்பாங்க. அம்மாவுக்கு மருந்துக்கப்புறமும் 56-தான். குழாய் சுருங்கி, சுருங்கின எடத்துலயே நின்னு போச்சு. அதுக்கு பேரு சிஓபிடி, நாள்பட்ட மூச்சடைப்பு நோய்.

அம்மா தெகச்சு போய் உக்காந்திருந்தாங்க. "நான் பீடி சுருட்டு தொட்டதில்லீங்களே அம்மணி, இது குடிக்கிறவங்களுக்கு வர்றதுதானுங்களே"ன்னாங்க. டாக்டரம்மா, நுரையீரலுக்கு அந்தப் புகை பீடியில இருந்து வருதா வெறகுல இருந்து வருதான்னு தெரியாதுங்கம்மா, நம்ம ஊருப் பக்கம் இந்த நோயோட வர்ற பொம்பளைங்க நெறைய பேரு சிகரெட்ட தொட்டதே இல்லன்னு சொன்னாங்க. அந்த எடத்துல எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. நாங்க தின்ன ஒவ்வொரு வேளை சோறும் அந்தப் புகையிலதான் வெந்துச்சு.

வீசிங்னு நாம சொல்றது ஒரு சத்தம், அது நோயோட பேரு இல்ல. காய்ச்சல்னு சொல்ற மாதிரிதான், டைபாய்டுக்கும் காய்ச்சல், மலேரியாவுக்கும் காய்ச்சல். எங்கண்ணன் பையனுக்கும் வீசிங்தான், அவனுக்கு 11 வயசு, ஆனா அவனோடது வேற. அவன் பகல் பூரா கிரிக்கெட் ஆடுவான், விடியக்காலம் மூணு நாலு மணிக்கு இருமி இருமி எந்திரிச்சு உக்காருவான், போகிக்கு டயர் கொளுத்தினா, தீபாவளிக்கு பட்டாசு வெடிச்சா, பழைய போர்வைய ஒதறினா ஆரம்பிச்சிடும், அப்புறம் ஒரு வாரம் ஒண்ணுமே இருக்காது. அண்ணிக்கு சின்ன வயசுல இருந்து தும்மல், தோல் அரிப்பு. வர்றதும் போறதுமா, ராத்திரியில அதிகமா, குடும்பத்துல அலர்ஜியோட இருந்தா ஆஸ்துமா. நடு வயசுக்கு மேல ஆரம்பிச்சு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, எறங்காம, காலையில சளியோட, பல வருசம் புகையில இருந்தவங்கன்னா சிஓபிடி. ரெண்டும் சேந்து இருக்கிறவங்களும் இருக்காங்க. ஊதிப் பாக்காம காதுல கேட்டு பிரிக்கிறது டாக்டருக்கே கஷ்டம்தான்.

ஏன் பிரிக்கணும்னா மருந்து வேற. ஆஸ்துமாங்கிறது மூச்சுக்கொழாய்க்குள்ள வீக்கம், அலர்ஜி மாதிரி. அந்த வீக்கத்த அடக்குறது இன்ஹேலர்ல வர்ற கொஞ்சூண்டு ஸ்டீராய்டு, அதுதான் அங்க மெயின் மருந்து. நீல கலர் இன்ஹேலர் இருக்கே, சால்பியூட்டமால், அது குழாய விரிக்கும், வீக்கத்த தொடாது. அத மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கிற ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆபத்து அதிகம்னு பாத்துட்டு, ஆஸ்துமாவுக்கு உலக அளவுல வழிகாட்டுற ஜினா குழு 2019-ல இருந்து அத தனியா மட்டும் வெச்சு வைத்தியம் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டாங்க. எங்கண்ணன் பையனுக்கு ரெண்டு வருசமா அந்த நீலம் மட்டும்தான் வாங்கிக் குடுத்துட்டு இருந்தோம், மெடிக்கல்ல கேட்டா குடுத்துடுவாங்க. சிஓபிடில அப்படியே மாறுது, அங்க மொத மருந்து குழாய நீண்ட நேரம் விரிச்சு வெக்கிறது, அம்மாவுக்கு டயோட்ரோப்பியம், ஒரு நாளைக்கு ஒரு தடவ. ஸ்டீராய்டு இன்ஹேலர் அந்த நோயில எல்லாருக்கும் வேணாம், நிமோனியா வர்ற வாய்ப்ப அது கொஞ்சம் ஏத்தும், அதனால யாருக்கு தேவைன்னு பாத்துதான் குடுப்பாங்க.

இன்ஹேலர்னு சொன்னதும் எங்க வீட்டுல ஒரு பெரிய போராட்டமே நடந்துச்சு. சித்தி வந்து "அது புடிச்சா விடவே முடியாது அக்கா, கடைசி ஸ்டேஜ்லதான் அத குடுப்பாங்க"ன்னு அழுதுட்டாங்க. இந்த பயம் எவ்வளவு பேர மூச்சு முட்ட வெச்சிருக்குன்னு நெனச்சா ஆத்திரமா வருது. ஒரு கணக்கு சொல்றேன். சால்பியூட்டமால் இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையா வாங்கினா 4 மில்லிகிராம், அதாவது 40 பஃப்போட மருந்து ஒரே மாத்திரையில. அந்த மாத்திரை வயித்துக்குள்ள போயி, ரத்தத்துல கலந்து, ஒடம்பு பூரா சுத்தி, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் குடுத்துட்டு கடைசியா நுரையீரலுக்கு போகுது. இன்ஹேலர் நேரா அங்கயே போகுது. கண்ணுக்கு சொட்டு மருந்து விடுறோம்ல, அந்த மாதிரிதான். பழக்கமாயிடும்னா, கண்ணாடி போடுறவங்க தெனமும் போடுறது பழக்கமா, தேவையா? அவ்வளவுதான்.

ஆனா இன்ஹேலர இழுக்கத் தெரியணும், இத டாக்டர் சீட்டு எழுதுறப்ப யாரும் நின்னு சொல்லித் தர்றதில்ல. அம்மாவுக்கு குடுத்தது கேப்சூல போட்டு இழுக்கிற ரோட்டாஹேலர் டைப். மொத மூணு நாள் "ஒண்ணும் கேக்கல சாமி"ன்னு சொன்னாங்க, நாலாம் நாள் காலையில பாக்குறேன், கேப்சூல வாயில போட்டு தண்ணி குடிக்கிறாங்க. கேப்சூல் மாதிரி இருந்தா முழுங்கத்தானே செய்வாங்க, அவங்க மேல என்ன தப்பு. அன்னிக்கு நான் தேடித் தேடி கத்துக்கிட்டது என்னன்னா, கேப்சூல் போடுற டைப்புல வேகமா, பலமா உறிஞ்சணும், அப்பதான் பவுடர் பறந்து உள்ள போகும். அமுக்கி அடிக்கிற பம்ப் டைப்புல அதுக்கு நேர் எதிர், மெதுவா நீளமா இழுக்கணும், வேகமா இழுத்தா மருந்து தொண்டையிலயே அடிச்சு நின்னுடும். ரெண்டுலயும் இழுக்கிறதுக்கு முன்னாடி மூச்ச வெளிய விட்டுடணும் (ரோட்டாஹேலருக்குள்ள ஊதிடக் கூடாது, பவுடர் ஈரமாயிடும்), இழுத்ததும் பத்து எண்ற வரைக்கும் அடக்கணும். பம்ப் டைப்புக்கு ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கு, அதுல அடிச்சு அதுல இருந்து மூச்சு இழுத்தா போதும், அமுக்குறதும் இழுக்குறதும் ஒரே நேரத்துல வரலன்னு வயசானவங்க தவிக்க வேண்டியதில்ல, கொழந்தைங்களுக்கும் அதுதான். சாதாரணமா வர்ற இளைப்புக்கு ஸ்பேசரோட அடிக்கிற பஃப்பு நெபுலைசர் அளவுக்கு வேலை செய்யும். ஸ்பேசர சோப்புத் தண்ணியில முக்கி எடுத்து அப்படியே காய வெக்கணும், துணி வெச்சு தொடச்சா நிலைமின்சாரம் வந்து மருந்து கூட்டுலயே ஒட்டிக்கும். ஸ்டீராய்டு இருக்கிற இன்ஹேலர்னா இழுத்து முடிச்சதும் வாய் கொப்புளிச்சு துப்பணும், இல்லன்னா வாயில வெள்ளை படியும், அத பாத்து பயந்து மருந்தையே நிறுத்துனவங்க எங்க சொந்தத்துலயே ரெண்டு பேரு.

கை வைத்தியம் பத்தி கேப்பீங்க. அம்மா ஆடாதோடை கசாயம் வெப்பாங்க, தூதுவளை ரசம், கற்பூரவல்லி எல நாலு. நான் தடுக்கல. ஆடாதோடையில இருக்கிற வாசிசின்ங்கிற சத்த வெச்சுதான் ப்ரோம்ஹெக்ஸின்ங்கிற சளி மருந்தையே உண்டாக்கினாங்க, இப்ப சிரப்புல எல்லாம் போட்டு வர்ற அம்ப்ராக்சால் அதுல இருந்து வந்ததுதான், அதனால நம்ம பாட்டிங்க ஒண்ணும் தெரியாம சொல்லல. ஆனா அது சளிய எளக்கும், சுருங்கிப்போன குழாய விரிக்காது. கசாயம் இருக்கட்டும், இன்ஹேலர் நிக்கக் கூடாது. ஆவி புடிக்கிறது மூக்கடைப்புக்கு சொகமா இருக்கும், நுரையீரல் வரைக்கும் போய் ஒண்ணும் பண்ணாது, கொதிக்கிற தண்ணி கவுந்து சுட்டுக்கிட்ட கொழந்தைய நானே பாத்திருக்கேன்.

அடுத்தது இருமல். எங்க பெரியப்பா ஸ்பின்னிங் மில்லுல ப்ளோ ரூம், கார்டிங்ல 26 வருசம் இருந்தாரு, பஞ்சு பிரிக்கிற எடம், தூசி அங்கதான் அதிகம். ஞாயித்துக்கெழமை லீவு முடிஞ்சு திங்கக்கெழமை வேலைக்கு போனா நெஞ்சு கெட்டியா புடிக்கும்னு சொல்வாரு, செவ்வா பொதன் கொறஞ்சிடும். அது பஞ்சுத் தூசியால வர்ற பிஸினோசிஸ்ஸோட அடையாளம், திங்கக்கெழமை வர்றதுதான் அதோட கணக்கே. அதனால அவருக்கு இருமல் நிக்காம வந்தப்பவும் மில்லு இருமல்னே விட்டுட்டாங்க. மெடிக்கல்ல ஒரு ஆன்டிபயாடிக், கொறயும், திரும்பி வரும், இன்னொண்ணு. சாயங்காலமானா லேசா காய்ச்சல், ராத்திரி பனியன் நனையற வேர்வை, வேட்டி இடுப்புல நிக்கல. மூணு மாசம் கழிச்சு சளி டெஸ்ட் எடுத்தப்ப டிபி, அதான் காசநோய். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்ட் எடுக்கணும், பீடி இருமலோ மில்லு இருமலோ எதுவா இருந்தாலும் சரி. மெடிக்கல்ல வாங்குற சில ஆன்டிபயாடிக், லீவோஃப்ளாக்சசின் மாதிரி, டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கி வெச்சிடும், சரியாற மாதிரி காட்டி நோய மறைச்சிடும், அதனால இருமலுக்கு நீங்களா ஆன்டிபயாடிக் வாங்காதீங்க, கெஞ்சிக் கேக்கிறேன்.

டிபின்னதும் பெரியம்மா அவருக்கு தனி தட்டு, தனி டம்ளர் எடுத்து வெச்சாங்க, பேரப்புள்ளைங்கள பக்கத்துல விடல. தட்டு டம்ளர்ல அது பரவாது, இருமுற காத்துலதான் பரவும், ஜன்னலத் தொறந்து வெச்சு, வாய மூடி இருமி, மருந்த ஒழுங்கா ஆரம்பிச்சா கொஞ்ச வாரத்துலயே பரவுறது நின்னுடும். இத உலகத்துக்கே நிரூபிச்சு காட்டினது நம்ம சென்னைதான். 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச ஆராய்ச்சி மையத்துல டிபி நோயாளிங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய சானடோரியத்துல (டிபிக்காரங்கள தங்க வெச்சு பாக்குற ஆஸ்பத்திரி) வெச்சு நல்ல சாப்பாடு ஓய்வோடவும், இன்னொரு பாதிய அவங்க நெருக்கடியான வீட்டுலயே வெச்சும் ஒரே மருந்த குடுத்து பாத்தாங்க. வீட்டுல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு குணமானாங்க, வீட்டுல கூட இருந்த சொந்தபந்தத்துக்கு அதனால நோய் அதிகமா தொத்தவும் இல்ல. 1959-ல அது வெளிவந்ததுக்கு அப்புறம்தான் டிபிக்காரங்கள கொண்டு போய் அடைச்சு வெக்கிற வழக்கமே உலகத்துல மாற ஆரம்பிச்சுது. அறுபது வருசம் கழிச்சு எங்க பெரியப்பாவுக்கு தனி தட்டு!

அவருக்கு மருந்து ஆறு மாசம், கவர்மென்ட்ல எல்லாமே இலவசம், மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் மூணு. ரிஃபாம்பிசின் சாப்பிட்டா ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், அது ரத்தம் இல்ல, பயப்பட வேணாம், ஆனா கண்ணு மஞ்சளா போனா ஒடனே சொல்லணும். ரெண்டு மாசத்துலயே ஒடம்பு தேறி நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கும், அங்கதான் நெறைய பேரு விட்டுடறாங்க, விட்டா மருந்துக்கு அடங்காத டிபியா திரும்பி வரும். சாப்பாட்டுக்குன்னு பேங்க் கணக்குல பணமும் போடுறாங்க, 2024 நவம்பர்ல இருந்து மாசம் 1000 ரூபா, அதுக்கு முன்னாடி 500. வீட்டுல கூட இருக்கிறவங்களுக்கும் டெஸ்ட் எடுத்து தடுப்பு மருந்து குடுப்பாங்க. பெரியப்பாவுக்கு டிபி போயிடுச்சு, தழும்பு போகல, வேகமா நடந்தா இன்னமும் வாங்குது. மூணு மாசம் முன்னாடியே புடிச்சிருந்தா அந்த தழும்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கும்.

கொழந்தை வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு, இது செலவே இல்லாத டெஸ்ட். சளி காய்ச்சலோட இருக்கிற கொழந்தை அழாம இருக்கிறப்ப, தூங்குறப்ப இன்னும் நல்லது, சட்டையத் தூக்கிட்டு வயிறு ஏறி எறங்குறத முழுசா ஒரு நிமிசம் எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற கொழந்தைக்கு 60 அல்லது அதுக்கு மேல, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40 வந்தா அது நிமோனியாவா இருக்கலாம், அன்னிக்கே டாக்டர பாக்கணும். மூச்சு இழுக்கிறப்ப விலாவுக்கு கீழ குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க. நிமோகாக்கல் தடுப்பூசி இப்ப கவர்மென்ட் ஊசி அட்டவணையிலயே இருக்கு, விட்டுடாதீங்க.

மூச்சு வாங்குற எல்லாமே நுரையீரலும் இல்ல. மல்லாந்து படுத்தா வாங்குது, தலகாணி ரெண்டு மூணுன்னு ஏறிக்கிட்டே போகுது, கால் வீங்குதுன்னா இருதயத்த பாக்கணும். ஒடம்பு வெளுத்து மூச்சு வாங்குற பொம்பளைங்களுக்கு ரத்தசோகையா இருக்கலாம். ஆபரேசன் ஆகியோ கால் ஒடிஞ்சோ படுத்துக் கெடந்தவங்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கி திடீர்னு மூச்சு முட்டுனா ரத்தக்கட்டி நுரையீரலுக்கு போயிருக்கலாம், அது அவசரம். சளியில ரத்தம், கொரல் மாறி வாரக்கணக்கா சரியாகாம இருக்கிறது, காரணமே இல்லாம எளைக்கிறது, இதுக்கெல்லாம் டிபி டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா அதோட நிக்காதீங்க, கேன்சர் இருக்கான்னு சிடி எடுத்து பாக்கச் சொல்லுங்க.

ஆக்ஸிமீட்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விசயம். நெயில் பாலிஷ், குளுந்து போன வெரல் இதெல்லாம் தப்பா காட்டும். சிஓபிடிக்காரங்களுக்கு நெருக்கடியில ஆக்சிஜன் குடுக்கிறப்ப 88-ல இருந்து 92 வரைக்கும் இருந்தா போதும்னு வெப்பாங்க, 99 ஆக்கறேன்னு வீட்டுல சிலிண்டர தொறந்து விட்டா அவங்களுக்கு கெடுதல்.

அம்மாவுக்கு இப்ப வருசா வருசம் ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசியும் போட்டாச்சு. சளி கலர் மஞ்சள் பச்சையா மாறி, அளவும் கூடி, மூச்சும் அதிகமா வாங்குனா என்ன பண்ணணும்னு டாக்டரம்மா ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க, அது ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. அப்பா பீடிய விட்டுட்டாரு. பீடிக்கட்டு மேல போட்டிருக்கிற 1800 11 2356 நம்பர நான்தான் அடிச்சுக் குடுத்தேன், இலவசம், மொத வாரம் நிக்கோட்டின் சூயிங்கம் மென்னுட்டு எரிஞ்சு எரிஞ்சு விழுந்தாரு, நாங்க பொறுத்துக்கிட்டோம். வெந்நி அடுப்புதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு, அம்மாவுக்கு மனசே வரல, மாமியார் காலத்து அண்டாவாம். மாடியில சோலார் ஹீட்டர் மாட்டி, அண்டாவ வெளக்கி பூஜை ரூம் பக்கத்துல தண்ணி புடிச்சு வெக்க குடுத்ததுக்கு அப்புறம்தான் அடுப்ப இடிக்க விட்டாங்க.

சுருங்கின குழாய் திரும்ப வராதுன்னு எங்களுக்கு தெரியும். மருந்தோட நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் சேந்தா இருக்கிற மூச்ச வெச்சு அதிக தூரம் போகலாம்னு ஃபிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. அங்க இருந்த பொண்ணு, "மூக்கால ரெண்டு எண்ணி இழுங்க, ஒதட்ட குவிச்சு நாலு எண்ணி மெதுவா ஊதுங்கம்மா, சுருங்குன குழாய் மூடிக்காம காத்து வெளிய வரும்"னு செஞ்சு காட்டுச்சு. எங்கம்மா அத உத்துப் பாத்துட்டு "ஊதாங்குழல்ல ஊதுற மாதிரிங்களா கண்ணு?"ன்னு கேட்டாங்க. அந்த பொண்ணுக்கு ஊதாங்குழல்னா என்னன்னு தெரியல, நான் சொன்னேன், ஆமாங்க அதேதான்னு சொல்லுச்சு. அம்மா மொத தடவயே சரியா செஞ்சாங்க.

தை கிருத்திகைக்கு பச்சமலை போனோம். காலையில ஆறு மணி, கூட்டம் கம்மி. இருபது படிக்கு ஒருக்கா நின்னாங்க, கைப்பிடிக் கம்பிய புடிச்சுக்கிட்டு ஒதட்ட குவிச்சு ஊதுனாங்க, நான் பக்கத்துல நின்னு நாலு எண்ணுனேன். மேல போய் சேர முக்கா மணி நேரம் ஆச்சு.